மாமனார் வந்தால் சிவப்பு

மாமனார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். மாப்பிள்ளை பதறி எழுந்தான். மேசை மேல் இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மாப்பிள்ளை பதறி எழுந்தான். காலையிலிருந்து பச்சையாகவே எரிந்துகொண்டிருந்த பெட்டி அது.

"என்ன மாப்பிள்ளை, சிவப்பா எரியுது?"

"தெரியல மாமா. நீங்க வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதன் ருசி அவனுக்கே தெரிந்தது. மாமனார் அந்த வாக்கியத்தை வாயில் போட்டு ஒரு தடவை மென்று பார்த்தார். பிறகு, கேட்க வந்ததைக் கேட்காமலேயே திரும்பிப் போனார்.

மாப்பிள்ளை பொத்தானை அமுக்கிச் சிவப்பை அணைத்தான். பச்சை வந்தது. சாயங்காலம் வரை அசையாமல் பச்சை. வீட்டுக்குக் கிளம்பும் முன் மாமனார் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.

சிவப்பு.

கம்பெனி மாமனாருடையது. மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே அங்கே சர்க்யூட் போர்டு வடிவமைத்துக்கொண்டிருந்தவன். முதலாளியின் ஒரே மகளைக் கட்டிய மறுநாளிலிருந்து வாசல் காவலாளி முதல் கணக்குப் பிரிவு வரை எல்லோருக்கும் அவன் 'மாப்பிள்ளை சார்' ஆகிவிட்டான். அதில் 'மாப்பிள்ளை' என்பதில் கொஞ்சம் கிண்டலும் 'சார்' என்பதில் கொஞ்சம் பயமும் இருந்தன.

அந்தப் பெட்டியை நம்பித்தான் இப்போது கம்பெனியே இருந்தது. மருந்துத் தொழிற்சாலையில் ஓடும் பட்டையில் மாத்திரைகள் வரிசையாகப் போகும்; மேலே ஒரு கேமரா படம் பிடிக்கும்; உடைந்த மாத்திரை எது என்று பெட்டி கண்டுபிடித்துச் சொல்லும். பெட்டிக்குள் இரண்டு போர்டுகள். இரண்டையும் சேர்ப்பது விரல் நீளத்துக்கு ஒரு கனெக்டர். படம் முழுவதும் அந்தக் கனெக்டரின் மெல்லிய பின்கள் வழியாகத்தான் கண்ணிமைக்கும் வேகத்தில் ஓட வேண்டும். வழியில் ஒரு துளி பிசகினாலும் சிவப்பு எரியும். பொத்தானை அமுக்கும் வரை அணையாது.

வரும் வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு தடவைகூடச் சிவப்பு எரியக் கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. எரிந்தால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். அது போனால் பெட்டி தயாரிக்கும் கீழ்த்தளத்தையே மூட வேண்டியிருக்கும் என்று மாமனார் வாய்விட்டுச் சொல்லவில்லை; ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மாப்பிள்ளைக்கு முதலில் சந்தேகம் வந்தது கிரவுண்டு பின்கள் மேல். அதற்கு ஒரு முன்கதை உண்டு. கனெக்டரின் வரைபடத்தை அவன் மாமனாரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பின்னாக விசாரித்தார்.

"இது என்ன பண்ணும்?"

"இது சிக்னல் மாமா. இது வழியாத்தான் படம் போகும்."

"பக்கத்துல இருக்கிறது?"

"அது கிரவுண்டு. அது ஒண்ணும் பண்ணாது. சும்மா பக்கத்துல நிக்கும். ஆனா..."

'ஆனா'வுக்குப் பிறகு மாமனார் கேட்கவில்லை. "சும்மா நிக்கிறவனுக்கு எதுக்குத் தங்க முலாம்? பாதியை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். எடுத்தாயிற்று.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனான்.

"மாமா, போற சிக்னல் திரும்பி வரணும். திரும்பற வழிதான் கிரவுண்டு. பக்கத்துலயே வழி இல்லேன்னா அது ஊரைச் சுத்திட்டு வரும். வர்ற வழியில அடுத்த வீட்டுச் சண்டையை எல்லாம் இழுத்துட்டு வரும்."

"சரி. நான் ரூமுல இல்லாதப்போ சண்டை இருக்கா?"

"இல்ல மாமா."

"நான் வந்தா?"

மாப்பிள்ளை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"அப்போ பின்னுமேல தப்பு இல்ல. என்மேலதான் தப்புங்கறீங்க."

"ஐயோ மாமா, நான் அப்படிச் சொல்வேனா?"

"நீங்க சொல்லல. உங்க பெட்டி சொல்லுது" என்றார் மாமனார்.

கனெக்டரை மாற்ற நேரமும் இல்லை. மாப்பிள்ளை சால்டர் அக்காவைக் கூப்பிட்டான். கம்பெனியில் மயிரிழை மாதிரி இருக்கும் பின்னுக்கும் கை நடுங்காமல் ஈயம் வைப்பவர் அவர்தான். கிரவுண்டு குறைந்த இடத்துக்கு ஈடாகக் கனெக்டரைச் சுற்றிச் செம்பு ஒட்டுப்பட்டையை ஒட்டி, அதிலிருந்து ஒரு வயரைப் பெட்டியின் உடம்போடு சேர்த்தார்கள். நீளமான வயர் போகிற வருகிற இரைச்சலை எல்லாம் வாங்கி உள்ளே போடும் என்று மாப்பிள்ளை படித்திருந்தான். அவசரத்தில் மறந்துவிட்டான். அன்று மாமனார் வந்தாலும் சிவப்பு, லிஃப்ட் ஓடினாலும் சிவப்பு, பக்கத்து அறையில் யாராவது மின்விசிறியைப் போட்டாலும் சிவப்பு.

"தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையா இருக்கே மாப்பிள்ளை சார்" என்று சொல்லிக்கொண்டே அக்கா பட்டையைப் பிய்த்து எடுத்தார். "நான் ஒண்ணு சொல்லட்டா? முதலாளி வந்தாத்தானே எரியுது? அவர்கிட்டதான் என்னமோ இருக்கு."

"வேற யார் வந்தாலும் எரியுதான்னு முதல்ல பார்ப்போம். நீங்க வெளிய போயிட்டு உள்ள வாங்க."

அக்கா போய்விட்டு வந்தார். மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை. கணக்கரைக் கூப்பிட்டான். பச்சை. காவலாளியை வரச் சொன்னான். அவர் தடியோடு வந்து, காரணம் தெரியாமல் ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். பச்சை. மாமனாரின் கோட்டை அக்காவுக்குப் போட்டுவிட்டு நடக்கவிட்டுப் பார்த்தான். அதற்கும் பச்சைதான்.

ஊரே வரலாம். மாமனார் மட்டும் வரக் கூடாது.

"போனா இருக்குமோ?" என்றார் அக்கா.

மாப்பிள்ளைக்கு அது நியாயமாகப் பட்டது. மாமனார் போன் பழைய போன். அதை வெளியே வைத்துவிட்டு வரும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டான். மாமனார் முகத்தைச் சுருக்கினாலும் ஒத்துழைத்தார். போனை மட்டுமல்லாமல் கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பேனா எல்லாவற்றையும் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். மாப்பிள்ளை எழுந்து அவரை வரவேற்றான். சிவப்பு விளக்கும் வரவேற்றது.

அந்த நேரம் பார்த்து மாமியார் போன் செய்தார். காவலாளி எடுத்தார்.

"முதலாளியா? அவர் உள்ள போயிட்டார்மா. போன், வாட்ச், சாவி எல்லாத்தையும் வாங்கி வச்சுட்டுத்தான் உள்ள விட்டிருக்காங்க. எப்ப விடுவாங்கன்னு தெரியல."

மாமியார் அடுத்த நிமிடமே மகளுக்கு அடித்தார். "உங்கப்பாவை உள்ள வச்சுட்டாங்களாம்டி!" மகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், சாக்பீஸோடு கிளம்பி வந்தாள். மாமியார் கையோடு ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார். வாசலில் காவலாளி மூன்று பேரையும் பார்த்துப் பயந்து போய், "நான் ஒண்ணும் பண்ணலம்மா, மாப்பிள்ளை சார்தான் எல்லாத்தையும் பிடுங்கச் சொன்னார்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார்.

வக்கீல் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். மாமியார் மட்டும் போகும்போது மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். பெண் கேட்டு வந்த அன்றுகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

அன்று வீட்டில் மனைவியிடம் மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னான்.

"காத்து காய்ஞ்சு கிடந்தா உடம்புல மின்சாரம் சேரும். தரையில ஷூ உரச உரச இன்னும் சேரும். அது சடக்குன்னு பாயறப்போ பக்கத்துல கிரவுண்டு பலமில்லாத கனெக்டர் இருந்தா சிக்னல் பயந்துடும். உங்கப்பா ஷூதான் காரணம்னு நினைக்கிறேன். நீ சொல்லேன், கழட்டிட்டு வரச் சொல்லி."

"நான் எப்படிங்க சொல்றது? அவர் ஷூ போடாம வாசல்படிகூடத் தாண்ட மாட்டார்."

ஆனாலும் போன் போட்டாள். "அப்பா, நாளைக்கு அந்த ரூமுக்குள்ள போறப்போ ஷூவைக் கழட்டிட்டுப் போகணுமாம்."

"ஏன், நாறுதா?" என்று கேட்டார் அப்பா.

மறுநாள் மாமனார் கதவருகே ஷூவைக் கழற்றினார். வலது காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் வெளியே வந்து எல்லோரையும் பார்த்தது. சால்டர் அக்கா நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார். மாமனார் காலுறையையும் சேர்த்துக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

சிவப்பு.

கடைசியாக இருந்தது கைப்பட்டை. சால்டர் வேலை செய்பவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. அதிலிருந்து தொலைபேசி வயர் மாதிரி ஒரு சுருட்டை வயர் போய்க் கிரவுண்டில் சேரும். உடம்பில் சேரும் மின்சாரத்தை ஓசையில்லாமல் இறக்கிவிடும். அக்கா தன் பட்டையை அவிழ்த்து மாமனார் கையில் கட்டினார். வராந்தா வரை எட்டும்படி வயரை ஒட்டுப்போட்டு நீட்டினார். மாமனார் வயரை இழுத்துக்கொண்டு, முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி வாசலைத் தாண்டி வந்தார்.

மாப்பிள்ளை எழுந்து கை கூப்பாத குறையாக நின்றான். பெட்டி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"இன்னும் எதைக் கழட்டணும் மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமனார். "கூச்சப்படாம சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. மனைவிதான் அந்த யோசனையைச் சொன்னாள். "அப்பா அன்னிக்கு வராம இருந்தாப் போதும் இல்ல? அவங்க திங்கட்கிழமைதான் வர்றாங்கன்னு சொல்லிடறேன். எல்லாம் முடிஞ்சப்புறம் சமாதானம் பண்ணிக்கலாம்."

"பொய் சொல்லலாமா?"

"நாள்தானே மாறுது? கம்பெனி பிழைக்கும்."

சொன்னாள். மாமனாரும் நம்பினார். அன்று சாயங்காலமே வாடிக்கையாளர் கம்பெனி அதிகாரி, "வெள்ளிக்கிழமை காலையில வந்துடறோம், நீங்க இருப்பீங்க இல்ல?" என்று மாமனாருக்கே போன் செய்துவிட்டார்.

மாமனார் நேராக மகள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை.

"எப்போ எழுதி வாங்கலாம்னு இருக்கீங்கம்மா?"

"எதைப்பா?"

"கம்பெனியை. போனை வாங்கினீங்க, ஷூவை வாங்கினீங்க. கையைக் கட்டினீங்க. இப்போ தேதியையும் மாத்திட்டீங்க. மிச்சம் அது ஒண்ணுதானே?"

மகளின் கண் கலங்கியது. சட்டென்று கணவன் பக்கம் திரும்பினாள். "எல்லாம் உங்களாலதான்!"

"நானா? திங்கட்கிழமைன்னு சொன்னது நீதானே?"

"சொன்னேன். சொல்றப்போ நீங்க தடுத்திருக்கணும் இல்ல?"

இதற்குப் பதில் சொல்லும் பொறியியல் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளை மாமனாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். முதல் நாளிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அக்காவுக்குக் கோட்டு மாட்டியதைக்கூட மறைக்கவில்லை.

"உங்களை அவமானப்படுத்தணும்னு இல்ல மாமா. ஆர்டர் போயிடுமோன்னு பயம். கீழ்த்தளத்து ஆளுங்க முகத்தைப் பார்க்க முடியல. அவ்வளவுதான்."

மாமனார் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"சரி. நான் வராந்தாவுல உக்காந்துக்கறேன். உள்ள வரல." எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "கையில அந்தப் பட்டை மட்டும் இருக்கட்டும். எதுக்கும்."

வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளை வாடிக்கையாளர் கம்பெனி ஆட்களை வாசலுக்கே போய் அழைத்து வந்தான். இரண்டு பேர். ஒருவர் அதிகாரி, மூச்சு விடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுபவர். இன்னொருவர் அவர்களுடைய பொறியாளர் அம்மா. 'ம்' என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதவர். வராந்தாவில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கோட்டு சூட்டோடு, வெறுங்காலோடு, கையில் வயரோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அதிகாரி நின்றார்.

"இவர் யாரு?"

"எங்க முதலாளி சார்."

"ஏன் கட்டி வச்சிருக்கீங்க?"

"பாதுகாப்புக்கு" என்றான் மாப்பிள்ளை.

அதிகாரி யாருடைய பாதுகாப்புக்கு என்று கேட்கவில்லை. மாமனாருக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகி நடந்தார்.

பெட்டி ஓடத் தொடங்கியது. பச்சை. திரையில் மாத்திரைகள் ஓடின. பச்சை. மாமனார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கழுத்தை நீட்டி விளக்கைப் பார்ப்பதும், தன் பார்வையாலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். மதியம் மாப்பிள்ளை சோதனையை நிறுத்திவிட்டு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டான். பொறியாளர் அம்மா மட்டும் வரவில்லை. "எனக்குப் பசியில்ல. நீங்க போங்க, நான் இதை ஓடவிட்டுப் பார்த்துட்டிருக்கேன்" என்றார். அன்று அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

சாப்பிட்டு வந்த பிறகும் பச்சை. வெயில் சாய்ந்தபோதும் பச்சை. அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி.

"பிரமாதம்! இவ்வளவு சுத்தமான சிக்னலை நான் பார்த்ததே இல்ல. முதலாளி ஏன் வெளியவே இருக்கார்? அவரைக் கூப்பிடுங்க, கை குடுத்துட்டு முடிச்சுக்கலாம்."

"அவர் அங்கேயே இருக்கட்டும் சார். நாம வெளிய போயிடலாம்" என்றான் மாப்பிள்ளை.

"நல்லா இருக்கே! முதலாளியை வெளிய நிறுத்தி வச்சுக் கை குடுக்கறதா?" அதிகாரியே போய்க் கதவைத் திறந்தார். "வாங்க சார், உள்ள வாங்க!"

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். வேறு வழியில்லை. வயரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தாண்டுவது போல வாசற்படியைத் தாண்டினார்.

மாப்பிள்ளை துள்ளி எழுந்தான்.

சிவப்பு.

அதிகாரி நீட்டிய கையை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒரு தடவைகூட எரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமே."

மாப்பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டான். அதிகாரி கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "எங்க மெஷின் ஊர் ஊரா போகப்போகுது. எந்த ஊருக்கும் உங்க மாமனார் போகாமப் பார்த்துக்க முடியுமா?"

மாமனார் கையிலிருந்த பட்டையை அவிழ்த்தார். கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார்.

"இந்தக் கம்பெனியை நான்தான் கட்டினேன். இதுக்கு ஆகாதவனும் நான்தான்னு ஆயிடுச்சு. நாளையிலேர்ந்து நான் வரல. சார், நான் இனிமே இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். இவர் கெட்டிக்காரர். இவரை நம்பி ஆர்டரைக் குடுங்க."

மாப்பிள்ளை சாவியைத் திருப்பி அவர் கையிலேயே திணித்தான்.

"நீங்க இல்லாம பச்சையா எரிஞ்சு என்ன மாமா பிரயோஜனம்?"

சால்டர் அக்கா மூலையில் மூக்கை உறிஞ்சினார். அதிகாரி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அப்போது பொறியாளர் அம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"பையைக் கீழ வைங்க" என்றார் அதிகாரியிடம். "எடுத்த கிரவுண்டு பின்களைத் திரும்பப் போட்டுக் குடுக்கட்டும். நாம வாங்கிக்கலாம்."

"அப்போ... நான்?" என்றார் மாமனார், வெறுங்காலோடு.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்ல சார், மதியம் நான் தனியா இந்த நாற்காலியில உக்காந்து எழுந்து பார்த்துட்டேன், எழுந்தப்பல்லாம் சிவப்பு, உங்களைக் கண்டதும் மாப்பிள்ளை சார் இந்த நாற்காலியை விட்டு வெடுக்குனு எழுந்திரிக்கிறாரே, அந்த மரியாதைதான் ஷாக் அடிக்குது!"